சத்தம் பார்த்துச் சொல்லும் வேலை

எந்த ஜெனரேட்டர் சத்தம் குறைவு, எது நடுவில் காலை வாராது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரியும்படி எழுதித் தரச் சொல்லிக் குடோனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள். இப்போது நான் வீட்டில் டிவி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவைத் தட்டுகிறார். அவர் தட்டுவதும் எனக்குக் கேட்பதில்லை. என் சம்சாரம் வந்து ரிமோட்டைப் பிடுங்கும்போதுதான் யாரோ சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று புரிகிறது. இப்படிப்பட்டவனிடம் சத்தத்தைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறீர்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

திருவொற்றியூர் குடோனில் வாடகைக்குப் போகும் ஜெனரேட்டர்களுக்கு மேஸ்திரியாக இருந்துதான் என் பிள்ளைகளை ஆளாக்கினேன். ராயபுரத்தில் மாதா கோயில் திருவிழாவா, எண்ணூர் பக்கம் குப்பத்தில் ஆடி மாசக் கூழா, புளியந்தோப்பில் கல்யாணமா, சாவா, எதற்கு எந்த மிஷின் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. புது மிஷின் வாங்குவதென்றால் யானைக்கவுனிக் கடைகளிலிருந்து ரெண்டு மூன்றை எடுத்துவந்து ஓட்டிப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்வதும் நான்தான். நான் சொன்னால் முதலாளி மறுபேச்சு பேச மாட்டார். சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு விடுகிற மற்றவர்களும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் இப்போது சத்தத்தைப் போனிலேயே அளந்துவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ரெண்டு கிளாஸ் டீயும்தான். மிஷினைக் கொட்டகை நடுவில் வைத்து, ஃபோகஸ் லைட்டுகளை மாட்டி லோடு கொடுத்து, இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேச வேண்டும். ஊர்க்கதை எதுவானாலும் சரி. குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அது சாவு வீட்டு மிஷின். கொஞ்சம் கத்த வேண்டியிருந்தால் கல்யாண வீட்டு மிஷின். கத்தியும் புரியவில்லை என்றால் ரோட்டு வேலைக்கு. டீ தீர்ந்ததும் நான் எழுந்து சாக்பீஸால் மிஷின் மேல் எழுதுவேன். சா, க, ரோ. அவ்வளவுதான் சர்டிபிகேட்.

சாவு வீட்டுக்கு எதற்கு இவ்வளவு அமைதியான மிஷின் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அங்கேதான் மோளமும் கானாவும் தெருவையே தூக்குகிறதே என்பார்கள். மோளம் ஓயும் நேரம் ஒன்று உண்டு. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, போனவரைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சின் நடுவில் உங்கள் மிஷின் வாயைத் திறக்கக் கூடாது. நிற்கவும் கூடாது, பெட்டிக்குள் இருப்பவர் மிஷினை நம்பித்தான் இருக்கிறார். சத்தமும் கூடாது, பாதியில் நிற்கவும் கூடாது என்று ரெண்டையும் சேர்த்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பழைய மிஷின் ஒரு வாயாடி. தெருமுனையில் வைத்தாலும் வீட்டுக்குள் வந்து பேசும். ஆனால் மழையில் நனைந்தாலும், மண்ணில் கவிழ்ந்தாலும், ரெண்டு இழுப்பு இழுத்தால் கிளம்பிவிடும். பெட்டிக்குள் அடைத்த சைலன்ட் மிஷின் அடக்கமான பிள்ளை. பார்க்க லட்சணம், தூக்க லேசு. என்ன, உள்ளே ஏதாவது சரியில்லை என்றால் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. பேரிங் தேய்ந்தால் கீச்சென்று மெல்லிய குரலில் ஒரு தடவை முறையிடும். அதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் பக்கத்தில் இருந்தால் பிழைத்தது. அதனால்தான் டீ குடித்த பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையை மிஷின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்பேன். எந்த மிஷின் நல்ல மிஷின் என்பதெல்லாம் ஏறக்குறைய அந்தக் கைப்பிடியில் இருந்தது.

காது ஒரே நாளில் போவதில்லை. அது மேல் ஸ்தாயியிலிருந்து உதிரத் தொடங்கும். முதலில் அணில் போயிற்று. அப்புறம் கொசு. கொசு போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நாள், மூன்று விசில் வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுச் சம்சாரம் கடைக்குப் போனாள். நான் குக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரும்போது சாதம் கருகி மாடிப்படி வரை நாற்றம். மறதி என்று சொல்லித் தப்பித்தேன். மறதி என்றால் வயசுக்கு மரியாதை உண்டு. செவிடு என்றால் சிரிப்புதான்.

குடோனில் தப்பிப்பது இன்னும் சுலபம். டீ குடிக்க எதிரில் உட்காருகிறவன் எப்போதும் கௌதமன்தான். எங்கள் குட்டியானை லோடு வண்டியின் டிரைவர், வியாசர்பாடிப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. அவன் வாயைத் திறந்தாலே என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன். இஞ்சினின் தடதடப்பு கீழ் ஸ்தாயி, அது எனக்கு நன்றாகவே கேட்கும். அதனால் மண்ணெண்ணெய் மிஷின் எனக்கு எப்போதும் போலச் சத்தம்தான். சைலன்ட் மிஷின்கள் மட்டும் வரவர இன்னும் அருமையாகிக்கொண்டே வந்தன. கம்பெனிக்காரன் நன்றாகச் செய்கிறான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம். வேறு காரணமே இல்லை. காது போன மெக்கானிக் என்றால் நாக்கு போன சமையல்காரன் மாதிரி. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, ‘மேஸ்திரிக்குக் காது கேக்காதாம்பா’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்களே, அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் குட்டு உடைந்த அந்த மழைக்கு வருகிறேன். புயல் கடந்த மறுநாள் குடோனுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர். திருவொற்றியூர் முழுக்கக் கரண்ட் இல்லை. இருந்த மிஷினெல்லாம் வெளியே போய்விட்டது. வியாசர்பாடியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் கௌதமன் வேலைக்கு வரவில்லை. வண்டி ஓட்ட வெளி டிரைவர் ஒருவரைப் பிடித்திருந்தோம்.

அப்போதுதான் கஸ்தூரி என்கிற பெண் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி, மீன் விற்பவள். அவள் புருஷன் தேசிங்கு, மீன்பிடி போட்டில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் மிஷினோடு வீட்டில் படுத்திருந்தார்.

“மேஸ்திரி, காலைல இருந்து கரண்ட்டு இல்ல. சின்ன சிலிண்டரு ஒண்ணு வச்சி ஓட்டிகினு கீறேன். அது முடிஞ்சா அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னா ஆட்டோ வர மாட்டேங்குது. எப்டியாவது ஒரு மிஷின் குடு நைனா” என்றாள். நேருக்கு நேர் நின்று பேசியதால் எல்லாம் புரிந்தது.

மிச்சம் இருந்தது ரெண்டு. மண்ணெண்ணெய் மிஷின் ஒன்று வண்டியில் ஏறியிருந்தது, வெள்ளத்தில் வந்தவர்களுக்குச் சமையல் நடக்கும் ஒரு மண்டபத்துக்கு. இன்னொன்று மூலையில் இருந்த சைலன்ட் மிஷின். நான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் மிஷினில் ஏதாவது கோளாறு என்றால் அது கூவும். சந்தில் மண்ணெண்ணெய் மிஷினை வைத்துத் தடதடவென்று ஓட்டினால் அந்தக் கூவல் வீட்டில் யாருக்கும் கேட்காது. ஆகவே சைலன்ட் மிஷின்தான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். யோசனை சரி, அந்த மிஷின் நலமாக இருக்கிறதா என்று என் காதை நம்பிப் பார்த்ததுதான் தப்பு.

கிளப்பி லோடு கொடுத்தேன். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டேன். தங்கமாக ஓடிற்று. கஸ்தூரி முகத்தைச் சுளித்தாள்.

“இன்னா நைனா, கீச்சு கீச்சுங்குது?”

“புது மிஷின் அப்டித்தாம்மா. ஓட ஓட அடங்கிடும்.”

“இல்ல நைனா, பல்லு கூசுது.”

“இத்தினி வருஷமா இதான்மா என் பொழப்பு. எனக்குத் தெரியாதா?”

மேஸ்திரி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு ஏழைப் பெண் நம்பினாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெரிய ரோடு வரைதான் வண்டி போயிற்று. அதற்கு அப்பால் சந்தில் தண்ணீர். நானும் டிரைவரும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். புகை உள்ளே போகாமல் வாசலுக்கு வெளியே, மேடான இடத்தில் மீன் கூடைகளைக் கவிழ்த்து மேலே வைத்து, ஒயரை ஜன்னல் வழியாக விட்டேன். ஆக்சிஜன் மிஷின் ஓட ஆரம்பித்தது. தேசிங்கு கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கஸ்தூரி சிலிண்டரை மூடிவைத்தாள். வண்டியோடு மண்டபத்துக்குப் போக நினைத்தால், அந்தப் பக்கம் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, வடியட்டும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். சரி, அதுவரை மிஷினுக்குப் பக்கத்திலேயே இருப்போம் என்று ஒரு கூடை மேல் குந்தினேன்.

சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மிஷினைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடின. ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் காதைப் பொத்திக் காட்டிச் சிரித்தேன். எதிர்வீட்டு வாசலில் நனைந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து ரெண்டு மூன்று தடவை ஏதோ சொன்னார். வாயில் புகையிலை அடக்கியிருந்தார், உதடு பிடிபடவில்லை. சிரித்துத் தலையை ஆட்டினேன். காது போனவன் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை அதுதான். யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவது. ‘உள்ள ஏதோ ஒரசுது, நிறுத்திப் பாரு’ என்று அவர் சொல்லியிருக்கிறார், அப்புறம்தான் தெரிந்தது. நான் சிரித்திருக்கிறேன். எவ்வளவு தெனாவெட்டு இந்த ஆளுக்கு என்று நினைத்திருப்பார்.

அப்புறம் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அலை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கஸ்தூரி. தலைமுடி அவிழ்ந்து, முகமெல்லாம் தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் சந்தே திரண்டிருந்தது. எல்லோருடைய வாயும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருந்தது. நான் திரும்பி மிஷினைப் பார்த்தேன். நின்றுபோயிருந்தது. பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும், அலை இரைச்சலில் அந்த அடக்கமான மிஷின் நின்றது எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஆக்சிஜன் மிஷின் கூவியிருக்கிறது. அவள் வாசலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாக விரித்துச் சொன்னாள்.

“மிஷின் நின்னுபோச்சி. சிலிண்டரு போட்டுட்டேன். அது கொஞ்சந்தான் கீது. இப்ப இன்னா செய்யலாம்?”

கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. உள்ளே எதுவோ இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை என்று மட்டும் உடனே புரிந்தது. கெட்ட மிஷினோடு மல்லுக்கட்டாதீர்கள், நல்லது எங்கே இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேனே, அதை மட்டும் அன்றைக்கு ஒழுங்காகச் செய்தேன். பெரிய ரோட்டில் வண்டியில் மண்ணெண்ணெய் மிஷின் இருந்தது. சொன்னதுதான் தாமதம், குப்பத்து ஆட்கள் ஒரு மீன்பாடி வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த மூன்று சக்கர வண்டியை ஒருத்தர் மிதிக்க மற்றவர்கள் தள்ளினார்கள். திரும்பி வரும்போது மிஷின் நனையாமல் இருக்க ரெண்டு பேர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

அதற்குள் சிலிண்டரின் முள் அடியைத் தொட்டுவிட்டது. தேசிங்கின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்தது. கஸ்தூரி அவர் முதுகைத் தாங்கி உட்காரவைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

மண்ணெண்ணெய் மிஷின் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. சந்து அதிர்ந்தது. அந்தத் தடதடப்பு எனக்கும் கேட்டது. ஆக்சிஜன் மிஷினில் பச்சை விளக்கு வந்தது. இனிமேல் இந்தச் சத்தத்தில் அதன் கூவல் யாருக்குமே கேட்காது என்று தெரியும். அதனால் நான் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். காதுதான் இல்லை, கண் இருக்கிறதே. தேசிங்கின் நிறம் மெல்லத் திரும்பியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கஸ்தூரி வந்து எனக்கு நேர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“எத்தினி நாளா நைனா?” என்றாள்.

புரியாத மாதிரி பார்த்தேன்.

“எங்கிட்ட நடிக்காத. எங்க வூட்டுக்காரருக்கும் போட்டு இஞ்சினு பக்கத்துலயே குந்தி குந்திக் காது போச்சி. அவரும் இப்டித்தான், எல்லாத்துக்கும் சிரிச்சிகினு தலையாட்டுவாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் அவள் உதடு தெரியாது, அவள் பேசுவது கேட்காது. அதற்காகவே குனிந்தேன்.

மறுநாள் கரண்ட் வந்த பிறகு விஷயம் கேள்விப்பட்டு முதலாளி நேரில் குப்பத்துக்கு வந்தார். நல்ல மனுஷன். முதலில் தேசிங்கைப் பார்த்துவிட்டு வந்துதான் வாசலில் என்னிடம் கேட்டார், “மேஸ்திரி, நீங்க செக் பண்ணித்தானே அனுப்பினீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி முந்திக்கொண்டாள். “அவரு நல்லா பாத்துட்டுத்தான் குடுத்தாரு சார். நான் பக்கத்துலயே இருந்தேன். மிஷினுதான் பேஜாரு பண்ணிடுச்சி.”

சாகக் கிடந்தவருடைய பெண்டாட்டி எனக்காகப் பொய் சொன்னாள். நான் தலையாட்டினேன். சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன், பழக்கம். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

முதலாளி அந்த மாடல் அத்தனையையும் விற்றுவிடச் சொன்னார். விஷயம் ராயபுரம், எண்ணூர், மீஞ்சூர் வரை பரவியது. வாடகைக்காரர்கள் எனக்குப் போன் செய்து கேட்டார்கள். போனில் உதடு தெரியாது, ஆனால் கேள்வி என்னவென்று தெரியுமே. “ஆமாம்பா, நம்ப முடியாது” என்றேன். இன்றைக்கும் நீங்கள் அந்த மாடலைப் பார்த்தால், மூஞ்சிதான் அழகு, வேலைக்கு ஆவாது என்கிறீர்களே, அது என் வாயிலிருந்து புறப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சாவு வீடுகளிலெல்லாம் சத்தக்கார மிஷின்களே போய் நின்றன. தணிந்த குரலில் பேசுகிற நேரத்தில் எத்தனை பேர் கத்திக் கத்திப் பேசினார்களோ.

மிஷினைக் குடோனில் பிரித்துப் பார்த்தேன். பேரிங்கில் மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து இறுகியிருந்தது. கம்பெனிக்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் குடோன் ஒழுகியதும், நனைந்த மிஷினை நான் சரி என்று சொன்னதும்தான் தப்பு. பேரிங்கை மாற்றுவது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. நின்றுபோவதற்கு முன் அது கஸ்தூரியிடம் சொல்லியிருக்கிறது, பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறது, வலை பிரித்தவரிடம் சொல்லியிருக்கிறது. சந்தில் அதைக் கேட்காதவன் நான் ஒருத்தன்தான்.

பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கௌதமன் வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

“எம்மேல தப்பு மேஸ்திரி” என்றான்.

“நீதான் அன்னிக்கு வேலைக்கே வரலியேடா.”

“அதான் சொல்றேன். நான் இருந்திருந்தா இது வெளிய போயிருக்காது.” “ரொம்ப நாளைக்கு முன்னாடி, டீ குடிக்க சொல்ல ஒரு தபா வாயை மட்டும் அசைச்சேன். சத்தமே உடல. ‘வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா’ன்னேன். நீ ‘கீறாங்கடா’ன்ன. அன்னிலேர்ந்து நீ சாக்பீஸ்ல எழுதிட்டு அந்தாண்ட போனப்புறம், நான் ஒரு தபா கேட்டுட்டுத்தான் வண்டில ஏத்துவேன். சந்தேகமா இருந்தா ஆயிலு மாத்தணும்னு சொல்லி ஓரங்கட்டிடுவேன்.”

எனக்கு நினைவு வந்தது. கௌதமனுக்கு ஆயில் பைத்தியம் என்று நான் எல்லோரிடமும் கேலி செய்திருக்கிறேன்.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“எப்டி மேஸ்திரி சொல்றது” என்றான். நான் நல்ல மேஸ்திரி என்று பெயர் எடுத்த அந்த வருஷங்களில் பாதி அவனுடைய காது. அது தெரியாமல் நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது. காதில் பஞ்சு வையுங்கள், அடைப்பான் மாட்டுங்கள். மேஸ்திரியே மாட்டவில்லையே என்று பார்க்காதீர்கள், மாட்டாததால்தான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மிஷினை ஒருத்தன் மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. மிஷின் போய் நிற்கிற வீட்டுக்காரர் ஏதோ சத்தம் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதை நான் சொன்ன நாளையும் எழுதிவிடுகிறேன்.

விற்ற மிஷின்களுக்குப் பதிலாக வேறு கம்பெனி மிஷின் ஒன்று வந்தது. வழக்கம் போலக் கொட்டகை நடுவில் வைத்தார்கள். ஃபோகஸ் லைட் எரிந்தது. டீ வந்தது. முதலாளி நின்றுகொண்டிருந்தார், குடோன் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கௌதமன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும் கேட்பது போல, “டீ நல்லா கீதா மேஸ்திரி?” என்றான். உதட்டில் அச்சடித்த மாதிரி தெரிந்தது. ‘நல்லா கீதுடா’ என்று சொல்லிவிட்டு, எழுந்து ‘சா’ என்று எழுதியிருக்கலாம். மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். என் கையில் சாக்பீஸ் இருந்தது.

“கேக்கல” என்றேன்.

கௌதமன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“நீ பேசுனது எனக்குக் கேக்கல. இந்த மிஷின்ல ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் காது போச்சு. குப்பத்துக்குப் போன மிஷின் மேலயும் தப்பு இல்ல. அது கத்திக்கிட்டுத்தான் இருந்துது.”

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதிர்ச்சி, கோபம், சிரிப்பு, ஏதாவது ஒன்று இருக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியும்தான். செக் பண்ணித்தானே அனுப்பினீங்க என்று அவர் கேட்டது, நான் தலையாட்டியதை ஏற்றுக்கொண்டது, அந்த மாடலையே விற்கச் சொன்னது எல்லாம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பெயர் கெடாமல் இருக்க ஒரு நல்ல மிஷினின் பெயரைக் கெடுத்திருக்கிறார்.

கௌதமன் எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டான். மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் தலையைக் குனிந்தபடி டீயைக் குடித்து முடித்தேன்.